மினசோட்டாவும் ஐஸ் ஹாக்கியும்: குளிர் மட்டும்தான் காரணமா?

1941 மார்ச் 4. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். உள்ளூர் அணி பாஸ்டன் புரூயின்ஸ், வந்த அணி சிகாகோ பிளாக் ஹாக்ஸ். அன்றைக்கு பாஸ்டன்காரர்கள் சிகாகோவின் கோல் வலையை நோக்கி 83 தடவை அடித்தார்கள். சிகாகோ கோல் கீப்பர் சாம் லோப்ரெஸ்டி அதில் 80ஐத் தடுத்தார். அப்படியும் சிகாகோ 3-2 என்று தோற்றது. கூடுதல் நேரம் இல்லாத ஓர் என்.ஹெச்.எல். ஆட்டத்தில் ஒரு கோல் கீப்பர் இத்தனை அடிகளைச் சந்தித்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இந்தப் புள்ளிவிவரத்தை ஹாக்கி ரசிகர்கள் பலரும் சொல்வார்கள். எனக்கு சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. அன்றைக்கு எதிர்ப்பக்க வலையில் நின்ற பாஸ்டன் கோல் கீப்பர் ஃபிராங்க் பிரிம்செக். இந்த இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். ஊர் பேர் எவலெத். மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, இரும்புச் சுரங்கங்களுக்கு நடுவே, சுமார் ஏழாயிரம் பேர் வாழ்ந்த சின்ன ஊர். அப்போது என்.ஹெச்.எல்.லில் இருந்ததே மொத்தம் 7 அணிகள்தான். அணிக்கு ஒரு முதன்மை கோல் கீப்பர். வீரர்களில் மிகப் பெரும்பாலோர் கனடாக்காரர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஏழில் இரண்டு பேர் ஒரே அமெரிக்கச் சுரங்க ஊரிலிருந்து வந்து எதிரெதிரே நிற்கிறார்கள் என்றால், அதைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மினசோட்டாவை "ஹாக்கி மாநிலம்" என்றே அமெரிக்காவில் அழைக்கிறார்கள். சுமார் 57 லட்சம் மக்கள்தொகைதான். ஆனால் பதிவு செய்துகொண்டு ஹாக்கி ஆடுபவர்களின் எண்ணிக்கையில் அமெரிக்க மாநிலங்களில் முதல் வரிசையில் இருக்கிறது. ஏன் என்று யாரைக் கேட்டாலும் "அங்கே குளிர் ஜாஸ்தி, ஏரிகள் ஜாஸ்தி" என்று பதில் வரும். சில மாதங்களாக இதைப் பற்றிப் படித்ததில், அந்த பதில் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. மீதிப் பாதியைத் தேடியதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரை (இப்போது செயற்கைத் தரை), தயான் சந்த், பதினொரு பேர். ஐஸ் ஹாக்கி வேறு. ஒரு நேரத்தில் அணிக்கு 6 பேர், அதில் ஒருவர் கோல் கீப்பர். பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கெட்டியான ரப்பர் வட்டு. 20 நிமிடம் வீதம் 3 பகுதிகள். ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள், அடுத்த செட் உள்ளே போகும். ஆட்டத்தை நிறுத்தாமலே ஆள் மாற்றலாம். களத்தைச் சுற்றிப் பலகைச் சுவர் இருக்கும். எதிராளியை அந்தச் சுவரில் மோதித் தள்ளுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

குளிர் காரணம் என்றால்...

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விஷயத்துக்கு இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால், அந்தக் காரணம் இருந்தும் விளைவு இல்லாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

அப்படிப் பார்த்தால், மினசோட்டாவுக்கு மேற்கே இருக்கிற வடக்கு டகோட்டாவில் குளிர் ஒன்றும் குறைவில்லை. மொன்டானாவில் குறைவில்லை. வடகிழக்கே மெய்ன் மாநிலத்தில் உறைந்த ஏரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அங்கெல்லாம் ஹாக்கி உண்டு. வடக்கு டகோட்டா பல்கலைக்கழக அணி அமெரிக்காவின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு பிள்ளைகள் ஆடி, அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் வருவது மினசோட்டா அளவுக்கு அங்கே நடக்கவில்லை. அமெரிக்காவில் ஹாக்கி வேர்விட்ட மற்ற இரண்டு பெரிய இடங்கள் மாசசூசெட்ஸும் மிச்சிகனும். மிச்சிகனின் தாமிரச் சுரங்கப் பகுதியில் 1904லேயே சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீக் தொடங்கிவிட்டது. அது மூன்றே ஆண்டுகளில், 1907இல் மூடப்பட்டது.

ஆக, ஐஸ் இருப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. வேறு என்னவோ சேர்ந்திருக்கிறது.

தொடக்கம்

மினசோட்டாவின் வட எல்லை கனடா. எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் வின்னிபெக் நகரம். 1890களில் ரயில் பாதை வழியாக ஆட்டம் தெற்கே வந்தது. 1895இல் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர்கள் வின்னிபெக் அணியோடு மோதித் தோற்றார்கள். பிறகு தலைநகர் செயின்ட் பாலில் கிளப் அணிகள் உருவாயின. பக்கத்து வொயிட் பேர் லேக் ஊரைச் சேர்ந்த 'மூஸ்' கோஹீன் அந்தக் காலத்து நட்சத்திரம். 1920 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் ஆடினார். 1952இல் கனடாவின் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது.

இதுவரை கதை மற்ற வட மாநிலங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான். வித்தியாசம் தொடங்குவது சுரங்க ஊர்களில்.

எவலெத்: இரும்பு கட்டிய ரிங்க்

மெசாபி என்கிற மலைத்தொடரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரும்புத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் எஃகு ஆலைகளுக்குப் பல பத்தாண்டுகள் தீனி போட்டது இந்தத் தாதுதான். எவலெத் ஊரின் கதையே விசித்திரமானது. ஊரைக் கட்டி முடித்த பிறகுதான் ஊருக்கு அடியிலேயே தாது இருப்பது தெரிந்தது. 1900 வாக்கில் வீடுகளை அப்படியே பெயர்த்து உருட்டிக்கொண்டு போய் ஒரு மைல் தள்ளி வைத்தார்கள்!

சுரங்க வேலைக்கு ஃபின்லாந்து, ஸ்லோவேனியா, குரோவேஷியா, இத்தாலி என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிரிம்செக் ஸ்லோவேனியக் குடும்பம். லோப்ரெஸ்டி இத்தாலியப் பெயர். இவர்களுடைய அப்பா அம்மாக்களுக்கு ஹாக்கி என்றால் என்னவென்றே தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒருவர் பேசும் பாஷை பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாது. பிள்ளைகள் ஒன்றுசேர்ந்த இடம் பள்ளிக்கூடமும் ஐஸும்.

இங்கேதான் எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயம் வருகிறது. மினசோட்டாவில் சுரங்கக் கம்பெனிகள் மீது வரி விதிக்க முடிந்தது. தோண்டி எடுத்த தாதுவுக்கு மட்டுமில்லை, பூமிக்கு அடியில் இன்னும் கிடக்கிற தாதுவுக்கும் சொத்து வரி. "இருக்கிறவரைக்கும் வரியை வாங்கி ஊருக்குச் செலவு செய்துவிடுவோம், தாது போய்விட்டால் ஒன்றும் மிஞ்சாது" என்பதுதான் அந்தச் சுரங்க ஊர்களின் கணக்கு. பக்கத்து ஊர் ஹிப்பிங்கில் 1920களின் தொடக்கத்தில் கட்டிய உயர்நிலைப் பள்ளிக்கு ஆன செலவு கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். அந்தக் காலத்து 40 லட்சம்!

எவலெத் 1922இல் ஹிப்போட்ரோம் என்ற உள்ளரங்க ஹாக்கிக் கூடத்தைக் கட்டியது. பெரிய நகரங்களிலேயே உள்ளரங்கம் அரிதாக இருந்த காலம் அது. கனடாவிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து ஓர் அணியும் நடத்தினார்கள். ஊர்ப் பையன்கள் தரமான ஆட்டத்தைக் கண்ணெதிரே பார்த்தார்கள். பிறகு உயர்நிலைப் பள்ளிக்கு கிளிஃப் தாம்சன் என்கிற பயிற்சியாளர் வந்து பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார்.

இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: எல்லோருக்கும் பொதுவான கூடம், கண்ணெதிரே நல்ல ஆட்டம், ஊரைவிட்டுப் போகாத ஒரு வாத்தியார். இதன் விளைவு பதினைந்து வருஷத்தில் தெரிந்தது.

மைக் கராகஸ், எவலெத்தில் வளர்ந்த கோல் கீப்பர், 1938இல் சிகாகோவோடு ஸ்டான்லி கோப்பையை வென்றார். பிரிம்செக் 1938-39 சீசனில் பாஸ்டனுக்கு வந்து, முதல் 8 ஆட்டங்களில் 6இல் ஒரு கோல்கூட விடவில்லை. 'மிஸ்டர் ஜீரோ' என்று பெயர் வந்தது. அந்த சீசனிலேயே சிறந்த புதுமுகம், சிறந்த கோல் கீப்பர், ஸ்டான்லி கோப்பை மூன்றும் அவருக்கு. லோப்ரெஸ்டி கதை இன்னும் ஒரு படி மேலே. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தார். அவர் இருந்த கப்பலை 1943இல் நீர்மூழ்கி மூழ்கடித்தது. உயிர் காக்கும் படகில் 42 நாட்கள் கடலில் மிதந்து பிழைத்தார். 80 அடிகளைத் தடுத்ததெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

1945: ஊர்ப்பெயர் போட்ட சட்டை

இரண்டாவது முக்கியமான காரணம், உயர்நிலைப் பள்ளி மாநிலப் போட்டி. செயின்ட் பாலில் ஜான்சன் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளராக இருந்த ஜீன் ஆல்ட்ரிச் முன்னின்று இதைக் கொண்டுவந்தார். 1945இல் செயின்ட் பால் ஆடிட்டோரியத்தில் முதல் போட்டி. 8 பள்ளிகள். ஜெயித்தது யார்? எவலெத்தேதான்.

1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு வருடமும் எவலெத்தே வென்றது. அந்த நான்கு வருடங்களில் 69 ஆட்டங்கள், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. அந்த அணியின் ஜான் மயாசிச் 1951 இறுதிக் கட்டத்தில் ஒரே ஆட்டத்தில் 7 கோல் அடித்தார். பிறகு 1956இல் ஒலிம்பிக் வெள்ளி, 1960இல் தங்கம். என்.ஹெச்.எல்.லில் அவர் ஆடவே இல்லை என்பது இன்றைக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

1955இல் மினியாபொலிஸ் சவுத் பள்ளிக்கும் தீஃப் ரிவர் ஃபால்ஸ் பள்ளிக்கும் நடந்த ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம் மேல் கூடுதல் நேரமாகப் பதினொரு தடவை போனது. கடைசியில் மினியாபொலிஸ் 3-2 என்று ஜெயித்தது.

இந்தப் போட்டியின் பலம் எதில் என்று யோசித்தேன். இது திறமையைத் தேர்ந்தெடுக்கும் போட்டி மட்டுமில்லை, ஊர்களுக்கு இடையே நடக்கும் போட்டி. ஒவ்வொரு பையனும் தன் ஊர்ப் பள்ளியின் சட்டையைப் போட்டு ஆடுகிறான். ஆயிரத்து எண்ணூறு பேர் உள்ள ஓர் எல்லையோர ஊர், தலைநகரத்தின் பணக்காரப் புறநகரை எல்லோர் முன்னாலும் எதிர்கொள்ளலாம். ஊரே பஸ் பிடித்து செயின்ட் பாலுக்கு வருகிறது, மிச்சம் பேர் டிவி முன்னால். இப்போதும் மார்ச் மாதம் நடக்கும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் போட்டியை நேரில் பார்ப்பவர்களின் மொத்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும்.

ஆறு வயதுப் பிள்ளை இதைப் பார்த்து வளர்கிறது. அதன் கனவு என்.ஹெச்.எல். இல்லை, நம்ம ஊர்ச் சட்டை. எட்டக்கூடிய கனவு என்பதால் நிறைய பேர் முயற்சி செய்கிறார்கள்.

மரியூச்சியும் உள்ளூர்ப் பையன்களும்

மூன்றாவது காரணத்துக்கு ஒரு முகம் உண்டு: ஜான் மரியூச்சி. இவரும் எவலெத். சிகாகோவுக்காக முரட்டுத் தடுப்பாட்டக்காரராக ஆடிவிட்டு, 1952இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக வந்தார். 1956இல் வெள்ளி வென்ற ஒலிம்பிக் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர்.

அந்தக் காலத்தில் பல அமெரிக்கக் கல்லூரிகள், கனடாவின் இளையோர் லீக்குகளில் ஆடி முடித்த, வயதில் மூத்த ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து கோப்பை ஜெயித்துக்கொண்டிருந்தன. சட்டப்படி தப்பில்லை. கோப்பைக்கு அதுதான் சுருக்கு வழி. மரியூச்சி அதைக் கடுமையாக எதிர்த்தார். நம் பிள்ளைகள் ஆடுவதற்கு நம் கல்லூரியிலேயே இடம் இல்லையென்றால், அப்புறம் எதற்காக அவர்கள் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும்? இதுதான் அவர் வாதம். மாநிலத்துப் பையன்களை வைத்தே அணி கட்டினார், ஊர் ஊராகப் போய் ரிங்க் கட்டுங்கள் என்று பேசினார்.

இவர் தேசியக் கோப்பையை வென்றதில்லை. ஆனால் பள்ளியில் ஆடுகிற பையனுக்கு அடுத்த படி இருக்கிறது என்று காட்டினார். ஊர் ரிங்க், பள்ளி, பல்கலைக்கழகம், ஒலிம்பிக் என்று ஒரு பாதை முழுமையானது. நம் பாஷையில் சொன்னால், பைப்லைன்.

இந்தப் பைப்லைனின் அடிமட்டத்தில் இருப்பது ஊர்ச் சங்கங்கள். 1947இல் மாநில அமெச்சூர் ஹாக்கி சங்கம் உருவானது. பாப் ரிடர் அதன் முதல் தலைவர். அமெரிக்காவின் பல இடங்களில் குழந்தைகள் ஹாக்கி என்பது தனியார் கிளப் வியாபாரம். மினசோட்டாவில் பெரும்பாலும் நீங்கள் இருக்கும் ஊர் அல்லது பேட்டையின் சங்கத்தில்தான் உங்கள் பிள்ளை ஆடும். பயிற்சி கொடுப்பது பெரும்பாலும் அப்பா அம்மாக்கள், ஊதியம் இல்லாமல். பூங்காக்களில் தண்ணீரை அடுக்கடுக்காக ஊற்றி உறையவைத்துத் திறந்தவெளி ரிங்க் போடுவது நகராட்சியின் வேலை. பக்கத்தில் ஷூ மாற்றிக் குளிர்காய ஒரு சின்ன அறை. பள்ளிக்கூடம் விட்டால் இருட்டும் வரை அங்கேதான்.

வாரோட், ரோசோ

எவலெத்துக்கு அடுத்து சொல்லியாக வேண்டிய ஊர் வாரோட். கனடா எல்லையில், லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரிக்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,800.

1960 ஒலிம்பிக்கில் அமெரிக்கா சோவியத் அணியை 3-2 என்று வென்றபோது வெற்றி கோலை அடித்தவர் பில் கிறிஸ்டியன். கடைசி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிராக 4 கோல் அடித்தவர் அவர் அண்ணன் ரோஜர். இருவரும் வாரோட்காரர்கள். 1964இல் இவர்கள் ஹாக்கி மட்டை செய்யும் கம்பெனி ஒன்றை ஊரிலேயே தொடங்கினார்கள். பில்லின் மகன் டேவ் 1980இல் தங்கம் வென்றார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக ஷூட்அவுட்டில் தனியாளாக 6 முறை வந்து 4 தடவை அடித்த டி.ஜே. ஓஷி பள்ளிப் படிப்பு படித்ததும் இங்கேதான்.

பக்கத்து ஊர் ரோசோ. வாரோடுக்கும் ரோசோவுக்கும் ஜென்மப் பகை, ஆட்டத்தில் மட்டும். ரோசோ கொடுத்தவர்களில் பெரியவர் நீல் பிராட்டன். 1985-86இல் ஒரே சீசனில் 100 புள்ளிகளைத் தாண்டிய முதல் அமெரிக்கர். கல்லூரிக் கோப்பை, ஒலிம்பிக் தங்கம், ஸ்டான்லி கோப்பை மூன்றும் அவர் கையில் வந்தன.

1980

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள்கூட 'மிராக்கிள்' படத்தைப் பார்த்திருக்கலாம். 1980 பிப்ரவரி 22. லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக். கல்லூரிப் பையன்களைக் கொண்ட அமெரிக்க அணி, உலகின் மிகச் சிறந்த சோவியத் அணியை 4-3 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து ஃபின்லாந்தையும் வென்று தங்கம்.

பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், செயின்ட் பாலின் கிழக்குப் பகுதிக்காரர். 1955இல் ஜான்சன் பள்ளிக்காக மாநிலக் கோப்பை வென்றவர். கல்லூரியில் மரியூச்சியின் மாணவர். 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர். மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 1974, 1976, 1979 என்று மூன்று தேசியக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவர், மரியூச்சிக்குக் கிடைக்காதது.

அந்த ஒலிம்பிக் அணியின் 20 பேரில் 12 பேர் மினசோட்டாக்காரர்கள். சோவியத்துக்கு எதிரான முதல் கோல் பஸ் ஷ்னைடர் அடித்தது. அவர் பேபிட் என்கிற சுரங்க ஊர். வெற்றி கோலை அடித்தவர் மாசசூசெட்ஸின் மைக் எருசியோனி. அந்தப் பக்கை அவருக்குத் தள்ளிவிட்டவர் மார்க் பாவெலிச். ஊர்? எவலெத்.

பத்திரிகைகள் அதை அதிசயம் என்றன. 1922இல் கட்டிய கூடத்திலிருந்து 1945 போட்டி, 1947 சங்கம், 1952 மரியூச்சி என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு அதில் அதிசயத்தைவிட அறுபது வருட உழைப்புதான் அதிகம் தெரிகிறது.

தொழில்முறை அணிகள்: சுருக்கமாக

இத்தனை பெருமை உள்ள மாநிலத்துக்கு என்.ஹெச்.எல். அணி 1967இல்தான் கிடைத்தது. நார்த் ஸ்டார்ஸ். 1981லும் 1991லும் இறுதிச் சுற்றுக்குப் போய்த் தோற்றார்கள். 1993இல் உரிமையாளர் அணியை அப்படியே டாலஸுக்குக் கொண்டுபோய்விட்டார். ஐஸே உறையாத டெக்ஸஸுக்கு! அங்கே போன அணி 1999இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது மினசோட்டாக்காரர்களுக்கு இன்னும் ஆறாத புண். 2000இல் மினசோட்டா வைல்ட் என்ற புது அணி ஆடத் தொடங்கியது.

ஆனால் கவனியுங்கள். அணி இல்லாத அந்த ஏழு வருடங்களில் மாநிலத்தில் ஹாக்கி ஒன்றும் சுருங்கவில்லை. உண்மையில் அதன் மிகப் பெரிய விரிவாக்கம் நடந்தது அப்போதுதான்.

பெண்கள்

1994இல் பெண்களுக்கான ஐஸ் ஹாக்கியை உயர்நிலைப் பள்ளி விளையாட்டாக அங்கீகரித்த முதல் மாநிலம் மினசோட்டா. 1995இல் முதல் மாநிலப் போட்டி. அங்கீகாரம் கொடுத்தால் மட்டும் போதுமா? மாலை நேரத்து ஐஸ் முழுவதும் பையன்கள் கையில் இருந்தது. பெண்களுக்கு விடிகாலையோ நள்ளிரவோதான் மிஞ்சும். அதனால் பொது ரிங்குகளின் நல்ல நேரத்தில் பாதி வரை பெண்கள் அணிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று மாநிலம் சட்டமே போட்டது. கூடவே புது ரிங்க் கட்ட மானியமும் கொடுத்தது. மினசோட்டாவில் நடப்பதாக எடுத்த டிஸ்னி படத்தின் பெயரை வைத்து 'மைட்டி டக்ஸ்' மானியம் என்று அதற்குப் பெயர்.

1922இல் எவலெத் செய்ததன் மறுபதிப்பு இது. பொதுப் பணத்தில் கூடம் கட்டி, யாருக்கு இடம் இல்லையோ அவர்களுக்கு இடம் கொடுப்பது. விளைவும் அதே மாதிரி வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2012-13 சீசனில் ஆடிய 41 ஆட்டங்களையும் வென்றது. பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியதும் 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை மினசோட்டாவுக்கே. ஆண்கள் அணிக்கு இன்னும் கிடைக்காத இடம்.

கொடுத்த விலை

பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது விளம்பரமாகிவிடும்.

1968 ஜனவரி 13. நார்த் ஸ்டார்ஸின் பில் மாஸ்டர்டன் மோதலில் பின்பக்கமாக விழுந்து தலை ஐஸில் அடிபட்டது. ஹெல்மெட் இல்லை. இரண்டு நாளில் இறந்தார். என்.ஹெச்.எல். ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக உயிரிழந்த ஒரே வீரர். அதன் பிறகும் புதிதாக வரும் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது 1979இல்தான். பதினோரு வருடம்!

வாரோடின் ஹென்றி பூஷா ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர். 1969 மாநில இறுதிப் போட்டியில் காயப்பட்டு வெளியேறினார், அவர் அணி இடைனாவிடம் கூடுதல் நேரத்தில் 5-4 என்று தோற்றது. மினசோட்டாவில் அந்த ஆட்டத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். 1975 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரர் டேவ் ஃபோர்ப்ஸ் மட்டையோடு குத்தியதில் பூஷாவின் கண்குழி எலும்பு உடைந்தது. ஃபோர்ப்ஸ் மீது மாவட்ட அரசு வழக்கறிஞர் கிரிமினல் வழக்கே போட்டார். ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பூஷாவின் ஆட்ட வாழ்க்கை அதோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

1980இல் அந்த பாஸைக் கொடுத்த மார்க் பாவெலிச் பிற்காலத்தில் மனநோயால் மிகவும் சிரமப்பட்டு 2021இல் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்ததில் சி.டி.இ. இருந்தது தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள மூளைச் சிதைவு அது. உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டறிய முடியாது.

விலை ஆட்களுக்கு மட்டுமில்லை, ஊர்களுக்கும்தான். மாநிலக் கோப்பை மெதுவாகச் சுரங்க ஊர்களை விட்டு வசதியான புறநகர்களுக்கு நகர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை. இடைனா புறநகரை ஹாக்கி சாம்ராஜ்யமாக்கிய பயிற்சியாளர் வில்லார்ட் ஐகோலா 8 மாநிலக் கோப்பைகளை வென்றவர். அவர் எவலெத்தின் அந்தத் தோல்வியே அறியாத அணியில் கோல் கீப்பராக இருந்தவர்! எவலெத் தன் வித்தையைத் தானே ஏற்றுமதி செய்துவிட்டது.

இன்று எவலெத்தின் மக்கள்தொகை சுமார் 3,500. பிரிம்செக் காலத்தில் இருந்ததில் பாதி. 1973இல் அமெரிக்க ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தை அங்கேதான் வைத்தார்கள். 110 அடி நீளமுள்ள ஒரு பிரம்மாண்ட ஹாக்கி மட்டையும் நிற்கிறது. ஆனால் எவலெத் பள்ளி அணி என்று இப்போது தனியாக ஒன்று இல்லை. பிள்ளைகள் குறைந்துபோனதால் பக்கத்து ஊரான விர்ஜினியாவின் பள்ளியோடு சேர்ந்து 'ராக் ரிட்ஜ்' என்ற புதுப் பெயரில் ஆடுகிறார்கள். எந்த ஊர் விர்ஜினியா? எவலெத்தின் பல வருடப் பங்காளி ஊர்.

இன்னொரு பக்கம் செலவு. ஸ்கேட், மட்டை, கவசம், உள்ளரங்க நேரத்துக்கான கட்டணம் என்று கூட்டினால் சாதாரண வீட்டுக்குக் கனமான தொகை. இலவசமாக இருந்தது திறந்தவெளி ஐஸ். குளிர்காலங்கள் சூடாகிக்கொண்டு வருவதால் அதன் நாட்கள் குறைகின்றன. 2023-24 குளிர்காலம் மினியாபொலிஸ் பகுதியில் பதிவானவற்றிலேயே மிகவும் வெதுவெதுப்பானது. ஏரி ஐஸ் மேல் நடக்கவே குறைந்தது 4 அங்குல கனம் வேண்டும் என்கிறது மாநில இயற்கை வளத்துறை. அது எல்லா ஏரியிலும், எல்லா வருடமும் இனி கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

என் கணக்கு

ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். குளிர் காரணமா? குளிர் இலவச மூலப்பொருள், அவ்வளவுதான். அதை ஆட்டமாக மாற்றியவை நான்கு: சுரங்க வரியில் கட்டிய பொதுக் கூடங்கள், ஊர்ப் பெயரில் நடக்கும் பள்ளிப் போட்டி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவைத்த பல்கலைக்கழகம், ஊர்ச் சங்கங்களின் சம்பளமில்லாத உழைப்பு. இந்த நான்கில் எதுவும் வானத்திலிருந்து பெய்ததில்லை. யாரோ சிலர் கூட்டம் போட்டு, வாக்களித்து, வரி கட்டி முடிவு செய்தவை.

திறந்தவெளி ஐஸ் குறையக் குறைய, ஆட்டம் காசு கொடுத்து நுழையும் கூடங்களுக்குள் போகிறது. அப்போது சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை உள்ளே வர முடியுமா என்பது இனிமேல் குளிரைப் பொறுத்த விஷயம் இல்லை. 1922இலும் 1994இலும் எடுத்தது மாதிரி இன்னொரு பொது முடிவைப் பொறுத்தது. அப்படி ஒரு முடிவு வராவிட்டால், அடுத்த பிரிம்செக் இடைனாவில் பிறக்கலாம், எவலெத்தில் பிறக்க மாட்டார்.

மிச்சிகன் தாமிரச் சுரங்க ஊர்களில் 1904இல் தொடங்கிய லீக் ஏன் மூன்றே வருடத்தில் மூடப்பட்டது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதே சுரங்கம், அதே குளிர், வேறு முடிவு. போதுமான அளவு சேர்ந்ததும் தனிக் குறிப்பாக எழுதுகிறேன்.